தோலோடு நறுக்கிய மாங்காய்

கேள்வி: மதுரைக்கு அருகே ஓர் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் கணித முதுகலை ஆசிரியையாக இருக்கிறேன். வயது 44. கணவர் கூட்டுறவுத் துறையில் பணியாற்றுகிறார். மகன் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு எழுதியிருக்கிறான். மகள் ஆறாம் வகுப்பு. மாமியார் எங்களோடு இருக்கிறார். மார்ச் முழுவதும் தேர்வு அறைக் கண்காணிப்பு, ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாம், இரண்டுக்கும் நடுவில் சித்திரை முதல் நாள். மூன்றரை மணிக்கு எழுந்து பருப்பு, சாம்பார், வேப்பம்பூ ரசம், இரண்டு பொரியல், கூட்டு, மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம் எல்லாவற்றையும் நான் ஒருத்தியே செய்தேன். மாங்காய் நறுக்கித் தருகிறேன் என்று மகன் வந்தான். தோலோடு பெரிது பெரிதாக நறுக்கினான். கத்தியை வாங்கி நானே நறுக்கிவிட்டேன். கணவர் கேட்டால் உதவுவார், ஆனால் கேட்க வேண்டும். இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்த பிறகு அத்தை, "வடையில் உப்பு கொஞ்சம் குறைவு" என்றார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, கரண்டியைச் சுவரில் வீசி எறிந்துவிட்டேன். மகள் அழுதாள். பாயசத்தை யாரும் தொடவில்லை. மே மாதம் மீனாட்சி கல்யாணத்துக்கு நாத்தனார் குடும்பமும் கொழுந்தனார் குடும்பமும் வருகிறார்கள். ஒன்பது பேர். அழகர் ஆற்றில் இறங்கும் வரை இருப்பார்கள். காலண்டரைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறது. வேலையை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. நான் எங்கே தவறுகிறேன்?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். நீங்கள் நான்கு பக்கம் எழுதியிருந்ததைச் சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறேன். அந்த நான்கு பக்கத்தில் கரண்டி ஏறக்குறைய ஒன்றரைப் பக்கத்தை எடுத்துக்கொண்டது. மகன் கையிலிருந்த கத்தியை வாங்கியது ஒரே வரி, போகிற போக்கில். எனக்கு அந்த வரிதான் கண்ணிலேயே நிற்கிறது. அதற்குக் கட்டாயம் வருகிறேன்.

முதலில் வேலையைப் பற்றி. இப்போது எந்த முடிவும் எடுக்காதீர்கள். மார்ச்சும் ஏப்ரலும் ஓர் ஆசிரியையின் உடம்பிலிருந்து எவ்வளவு உறிஞ்சிக்கொள்கின்றன என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. "உங்களுக்கென்ன, மே மாதம் முழுவதும் லீவு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பொதுத்தேர்வு அறையில் காலை 10 மணிக்கு வினாத்தாளைக் கொடுத்ததிலிருந்து 1.15க்கு விடைத்தாளை வாங்கி அடுக்கும் வரை கால் கடுக்க நிற்க வேண்டும். பறக்கும் படை எந்த நேரத்தில் வாசலில் வந்து நிற்கும் என்று தெரியாது. திருத்தும் முகாம் இதைவிடக் கடினம். முன்பின் பார்த்திராத பிள்ளைகளின் எதிர்காலம் கட்டுக் கட்டாக மேசைக்கு வருகிறது. கூட்டலில் ஒரு மதிப்பெண் பிசகினாலும் விளக்கம் கேட்டு ஓலை வரும். மின்விசிறி சுற்றினாலும் வருவது அனல்தான். இப்படி ஒரு மாதம் உழைத்த உடம்பை மூன்றரை மணிக்கு எழுப்பி ஒன்பது வகை சமைக்க வைத்தால், "உப்பு குறைவு" என்ற இரண்டு சொல்லே அதைச் சாய்த்துவிடும். நீங்கள் கெட்டவராகிவிடவில்லை. களைத்துப் போயிருக்கிறீர்கள்.

இது உங்கள் ஒருவரின் வீட்டுக் கதையும் இல்லை. மத்திய அரசு 2019இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. அப்போது தங்கள் வீட்டு வேலையைச் செய்த பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடங்கள். அந்த 97 நிமிடங்களும் வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களின் கணக்கு மட்டுமே. நான்கு ஆண்களில் ஏறக்குறைய மூன்று பேர் கணக்கெடுத்த நாளில் அந்தப் பக்கமே வரவில்லை. கணக்கு ஆசிரியைக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, கத்திக்கு வருவோம்.

பதினைந்து வயதுப் பையன், தேர்வு முடிந்த கையோடு, பண்டிகை நாளில் யாரும் கூப்பிடாமல் அடுக்களைக்கு வந்து "நான் நறுக்கித் தருகிறேன்" என்கிறான். இதை எத்தனை வீடுகளில் தவமாய்த் தவமிருந்து கேட்கிறார்கள் தெரியுமா? அவன் நறுக்கியது உங்களுக்குப் பிடிக்கவில்லை. தோல் இருந்தது, துண்டு பெரிது. திட்டவில்லை, கத்தவில்லை, கத்தியை மட்டும் வாங்கிக்கொண்டீர்கள். அவன் என்ன செய்தான் என்று நீங்கள் எழுதவில்லை. கூடத்துக்குப் போயிருப்பான், அலைபேசியை எடுத்திருப்பான். பத்து நிமிடம் கழித்து, "இந்த வீட்டில் ஒருவராவது ஒத்தாசைக்கு வருகிறீர்களா?" என்று நீங்கள் உரக்கக் கேட்டிருப்பீர்கள். நான் சொல்வது தவறென்றால் மன்னியுங்கள். இருபது ஆண்டுகளாக இந்தக் காட்சியை விதவிதமான வாய்களால் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

என் வீட்டிலும் நடந்திருக்கிறது. என் மகளுக்கு எட்டு வயது இருக்கும்போது, ஒருநாள் ஸ்டூல் போட்டு ஏறி நின்று காப்பி டம்ளர்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். ஒரு டம்ளரின் அடியில் சோப்பு நுரை இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, எல்லா டம்ளர்களையும் மறுபடி ஒருமுறை குழாயில் காட்டிக் கவிழ்த்தேன். அவள் கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவள் கழுவத் தொட்டியின் பக்கம் வர நான்கு ஆண்டுகள் ஆயின. இன்றும் அந்த டம்ளர் சத்தம் எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். முகாமில் ஒரு மாணவனின் கணக்கைத் திருத்துகிறீர்கள். கடைசி விடை தவறு. சூத்திரம் சரியாக எழுதியிருக்கிறான், மதிப்புகளையும் சரியாகப் பிரதியிட்டிருக்கிறான். என்ன செய்வீர்கள்? விடைக்குறிப்பைப் பார்த்து ஒவ்வொரு படிக்கும் உரிய மதிப்பெண்ணைப் போடுவீர்கள். ஐந்துக்கு மூன்று மதிப்பெண்ணாவது கிடைக்கும். முகம் தெரியாத பிள்ளைக்கு இவ்வளவு நியாயமாக நடந்துகொள்ளும் உங்கள் பேனா, உங்கள் மகனின் மாங்காய்க்கு மட்டும் முழுப் பூஜ்யம் போட்டுவிட்டது. அவன் எழுந்து வந்ததற்கு ஒரு மதிப்பெண், கத்தியைப் பிடித்ததற்கு ஒன்று, விரலை வெட்டிக்கொள்ளாமல் நறுக்கியதற்கு ஒன்று, இப்படி எதையும் நீங்கள் எண்ணவே இல்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாள் முழுவதும் தவறைத் தேடியே பழகிய கண் மாலையில் பள்ளி வாசலைத் தாண்டியதும் மூடிக்கொள்வதில்லை. மடித்த துண்டில், துடைத்த மேசையில், கணவர் வாங்கி வந்த கத்தரிக்காயில் எல்லாம் அது சிவப்பு மை தேடிக்கொண்டே இருக்கும். அப்படிப் பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்த வீட்டார் மெல்ல ஒதுங்கிக்கொள்வார்கள். பிறகு எல்லா வேலையும் உங்கள் தலையில்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வருடப் பிறப்புப் பச்சடியில் பல வீடுகளில் மாங்காயைத் தோலோடுதான் போடுவார்கள். வெல்லத்தில் இனிப்பு, மாங்காயில் புளிப்பு, வேப்பம்பூவில் கசப்பு, மிளகாயில் காரம், பிறகு உப்பு. ஆறாவதான துவர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பெரியவர்கள் அந்தத் தோலைத்தான் காட்டுவார்கள். உங்கள் மகன் தெரியாமல் சரியாகத்தான் நறுக்கியிருக்கிறான். இதை இன்றைக்கே அவனிடம் சொல்லுங்கள்.

அடுத்து, "கேட்டால் உதவுவார்" என்று கணவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இந்த "உதவி" என்ற சொல்லை உங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். உதவி என்றாலே வேலை உங்களுடையது, மற்றவர் கைகொடுக்கிறார் என்று ஆகிவிடுகிறது. என்ன வாங்க வேண்டும், எப்போது ஊறவைக்க வேண்டும், எது தீர்ந்துவிட்டது என்பதெல்லாம் அப்போதும் உங்கள் தலைக்குள்தான் ஓடிக்கொண்டிருக்கும். தேங்காய் துருவிக் கொடுத்தவருக்கு அந்தத் தேங்காய் மட்டும்தான் தெரியும். ஆகவே வேலையைத் துண்டு போட்டுக் கொடுக்காதீர்கள், முழுதாகக் கொடுத்துவிடுங்கள். விருந்தினர் இருக்கும் நாட்களில் ரசம் அவர் பொறுப்பு என்றால், புளி இருக்கிறதா என்று பார்ப்பதிலிருந்து மிளகு சீரகம் தட்டிப் போட்டுத் தாளித்து, கடைசியில் பாத்திரத்தைத் துலக்கிக் கவிழ்ப்பது வரை அவருடையது. முதல் நாள் ரசம் வாயில் வைக்க விளங்காது. இரண்டாம் நாளும் சுமார்தான். நீங்கள் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருந்தால் ஐந்தாம் நாள் அவருக்கென்று ஒரு கைப்பக்குவம் வந்திருக்கும். எட்டிப் பார்க்காமல் இருப்பதுதான் உங்களுக்குக் கடினமாக இருக்கும், எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள்.

மொட்டை மாடி என்றதும் அத்தை நினைவுக்கு வருகிறார். முப்பது ஆண்டுகள் அந்த அடுப்படியை ஆண்டவர் அவர். இன்று ஆண்டுக்கு நான்கைந்து பண்டிகை நாட்களில்தான் அவருடைய நாக்குக்கு வேலை. உப்பு குறைவு என்று அவர் சொன்னதில் உங்களைக் குத்தும் எண்ணம் இருந்ததாக உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. வாய்க்கு ருசி தெரிந்தவர் சொல்லும் சொல் அது. சொன்ன நேரம்தான் சரியில்லை. அவரிடம் நீங்கள் இன்னும் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வாரம் ஆகிவிட்டது, இனியும் தள்ளிப்போடாதீர்கள். கணவர் மூலமாகச் சொல்லி அனுப்பவும் வேண்டாம். "அத்தை, அன்றைக்கு நான் செய்தது தவறு. எனக்கு உடம்பு முடியவில்லை. அதை வாயால் சொல்லத் தெரியாமல் கரண்டியை எறிந்துவிட்டேன்" என்று சொல்லுங்கள். அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "ஆனால் நீங்களும்..." என்று தொடங்கினால் எல்லாம் கெட்டுவிடும். மகளிடம் தனியாகப் பேசுங்கள். சத்தத்தில் பயந்துபோன குழந்தை தன்னால்தான் அம்மாவுக்குக் கோபம் வந்தது என்று நினைத்துக்கொள்வது உண்டு. அப்படி இல்லை என்பதை அவள் உங்கள் வாயால் கேட்க வேண்டும்.

பிறகு அத்தையை வற்றல் போடச் சொல்லுங்கள். சித்திரை வெயில் வீணாகிறதே என்று அவருக்குக் கை துறுதுறுத்துக்கொண்டுதான் இருக்கும். உட்கார்ந்த இடத்தில் அவர் பக்குவம் சொல்லட்டும். விடியற்காலையில் அரிசி மாவுக் கூழை நீங்கள் கிண்டுங்கள். பச்சை மிளகாயும் சீரகமும் உப்பும் அவர் சொல்லும் அளவில் விழட்டும், உப்பு முழுக்க முழுக்க அவர் கையில் இருக்கட்டும். பிள்ளைகள் இருவரும் மாடியில் பழைய வேட்டியை விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்துப் பிழியட்டும். கோணல் மாணலாகத்தான் வரும். காய்ந்த பிறகு எண்ணெயில் போட்டால் எல்லாம் ஒரே மாதிரிதான் பொரியும். காக்கை விரட்டும் வேலையை மகளிடம் விடுங்கள், பாட்டியோடு பேசிக்கொண்டே அவள் அதைச் செய்துவிடுவாள்.

இனி அந்த ஒன்பது பேர். மதுரையில் இருந்துகொண்டு சித்திரைத் திருவிழா விருந்தாளிகளுக்கு ஐந்து நாளும் மூன்று வேளையும் வீட்டிலேயே சமைக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? ஊரே சோறு போடும் நாட்கள் அவை. மீனாட்சி திருக்கல்யாணத்தன்று சேதுபதி பள்ளியில் கல்யாணச் சாப்பாடு போடுகிறார்கள். சாப்பிட்டுவிட்டு மொய் எழுதி வருகிறார்கள் மக்கள். சொந்த வீட்டுக் கல்யாணம் போல அத்தனை ஆயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள். உங்கள் விருந்தாளிகளுக்கு இதைவிட நல்ல சாப்பாடு உண்டா? அன்றைக்கு அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். நாத்தனாரோடும் ஓரகத்தியோடும் உட்கார்ந்து தாலிக் கயிறு மாற்றிக்கொண்டு, எல்லோருமாகக் கிளம்பிப் போய் மொய் எழுதிவிட்டு வாருங்கள். அழகர் மலையிலிருந்து இறங்கி வரும் வழியெங்கும் மண்டகப்படிகள், நீர்மோர், பானகம், புளியோதரை. தல்லாகுளத்தில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையைப் பார்க்கப் போகிறவர்கள் பசியோடு திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. செம்பில் சர்க்கரை நிரப்பி, வாழையிலையால் வாயைக் கட்டி, மேலே சூடம் ஏற்றி அழகருக்குக் காட்டுவார்களே, அந்தச் செம்பைத் தயார் செய்யும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள்.

மற்ற நாட்களில் காலைக்கு ஏதாவது ஒரு பலகாரம், மதியத்துக்கு ஒரு குழம்பு, ஒரு பொரியல், கணவரின் ரசம், அத்தையின் வற்றல். போதும். வருகிறவர்களிடம் இப்போதே போனில் சொல்லிவிடுங்கள்: "மதினி, முகாம் முடிந்து அலுத்துப் போயிருக்கிறேன். இந்த முறை எல்லோரும் சேர்ந்துதான் சமைக்கப் போகிறோம். இரவுப் பலகாரம் உங்கள் பொறுப்பு." நேராகச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சொல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பரிமாறினால்தான் வருத்தம் வருகிறது. "நம் வீட்டு வழக்கம் இப்படி இல்லையே" என்று யாராவது சொன்னால் அழகரையே சாட்சிக்குக் கூப்பிடுங்கள். அவர் முன்பு தேனூரில்தான் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தார். திருமலை நாயக்கர் காலத்தில் அந்த விழா மதுரைக்கு வந்து மீனாட்சி கல்யாணத்தோடு சேர்ந்தது. அவ்வளவு பெரிய திருவிழாவே ஊர் மாறியிருக்கும்போது, ஒன்பது வகையை ஐந்தாகக் குறைத்தால் எந்தத் தெய்வமும் கோபித்துக்கொள்ளாது.

மே மாதத்தில்தான் மகனின் தேர்வு முடிவும் வரும். கூடத்தில் ஒன்பது உறவினர்கள் உட்கார்ந்திருக்க, "எத்தனை எதிர்பார்க்கிறாய்?" என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். ஆசிரியை மகன் என்பதால் அந்தக் கேள்வி அவனுக்குக் கூடுதலாகவே வலிக்கும். அந்த நேரத்தில் பேச்சை மாற்றுவது உங்கள் வேலை. சாப்பாட்டு இலைக்கு முன்னால் மதிப்பெண் பேச்சு கிடையாது என்று கணவரும் நீங்களும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சு படபடப்பை மட்டும் மனக்களைப்பு என்று நானே முடிவு செய்துவிட மாட்டேன். 44 வயதில் ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தைராய்டு மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மாதவிலக்கு முறை மாறியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். விடுமுறை விட்டு இரண்டு வாரம் ஆன பிறகும் தூக்கம் வராமல், அழுகை அழுகையாக வந்தால் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்காதீர்கள். நேரில் போகும் வரை பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். வேலையை விடுவதா வேண்டாமா என்ற கேள்வியை ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மாலையில் எடுத்து யோசியுங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த பத்தியைப் படித்த எனக்கு, நீங்கள் விட மாட்டீர்கள் என்றுதான் தோன்றுகிறது.

மாங்காய் வரத்து இன்னும் சில வாரங்களுக்கு இருக்கும். வேப்பம்பூவும் மரத்தில் மிச்சம் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஒருமுறை பச்சடி செய்யச் சொல்லி மகனைக் கேளுங்கள். மாங்காயையும் கத்தியையும் அவன் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் வெளியே வந்து அத்தையின் பக்கத்தில் உட்காருங்கள். வெல்லம் அடிபிடிக்கும் வாசனை வரலாம். வந்தாலும் எழுந்திருக்காதீர்கள்.

அன்புடன்,
குடும்பநல ஆலோசகர்